மறுக்கக் கற்றுக்கொடுப்பது

மருந்தகத் தொலைபேசியில் அந்தக் கேள்வி எப்போதும் தணிந்த குரலில்தான் வரும். "பெண் குழந்தைக்கு சுனாட் செய்றீங்களா மிஸ்ஸி?" பின்னால் குழந்தை சிணுங்கும். வீட்டுப் பெரியவர் யாரோ மலாயில் அடியெடுத்துக் கொடுப்பதும் கேட்கும். "செய்றோம், வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் வெள்ளிக்கிழமை வேலை முடிந்துவிடும். "இங்க இல்லை" என்று போனை வைத்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறொரு மருந்தகத்துக்கு அழைப்பு போகும். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தாதியருக்கும் மருந்தக உதவியாளர்களுக்கும் கற்றுக்கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை.

நான் பிரசவத் தாதி. தேக்காச் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவள். 1966இல் ஒரே ஆண்டில் 39,000க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்து உலக சாதனை படைத்த இடம் அது. சிங்கப்பூரில் என் வயதுக்காரர்கள் பலர் அங்கே பிறந்தவர்கள். 1997இல் மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு நான் தனியார் மருந்தகங்களில் வேலை பார்த்தேன். பிறகு வகுப்பெடுக்க வந்தேன். டன்லப் ஸ்திரீட்டில், அப்துல் கபூர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடி அறை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள், கேரளப் பிள்ளைகள், மலாய்ப் பெண்கள், பிலிப்பினோக்கள், மியன்மார்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். பேசிப் பழகுவது மட்டும் தமிழிலும் மலாயிலும்.

சுனாட் பெரெம்புவான் என்று மலாய்க்காரர்கள் சொல்வது பெண் குழந்தைக்குச் செய்யும் சுன்னத். இரண்டு வயதுக்குள், பெரும்பாலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். கிளிட்டோரிஸின் மேல்மூடியில் ஒரு கீறல், அல்லது ஊசிக்குத்து, அல்லது கத்தரிக்கோல் நுனியால் ஒரு துணுக்கு. ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் முழுவதையும் அறுத்துத் தைத்து மூடுகிறார்களே, அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பெண் உறுப்புச் சிதைப்பை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. அறுத்துத் தைப்பது மூன்றாம் வகை. குத்துவதும் கீறுவதும் நான்காம் வகை. துணுக்கு எடுத்தால் முதல் வகை. நான்குக்கும் பெயர் ஒன்றுதான், நான்கையும் சுகாதாரப் பணியாளர்கள் செய்யக்கூடாது என்றுதான் அந்த நிறுவனம் சொல்கிறது. சிங்கப்பூரில் இதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. முஸ்லிம் பெண்கள் சிலரே 2020 வாக்கில் ஓர் இயக்கம் தொடங்கி, தங்களைப் போன்ற பெண்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு இது நடந்திருப்பதாகச் சொன்னார்கள். பலருக்கு அது தங்களுக்கு நடந்ததே வளர்ந்த பிறகுதான் தெரியும்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப். அவர்களில் பலர் இப்படி ஒரு வழக்கம் இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹப், மலாய்க்காரர்களும் அதுவே. பெண்ணுக்கும் கத்னா, அதாவது சுன்னத், கடமை என்ற கருத்து ஷாஃபி நூல்களில்தான் அழுத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது நடந்ததில்லை, பேச்சும் இருந்ததில்லை. என்னைத் தேடி வரும் தமிழ்ப் பெண்களில் பலர் மலாய்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். இரண்டு சமூகமும் ஒரே பள்ளிவாசலில் தொழுது, ஒரே புளோக்கில் குடியிருந்து, இரண்டு மூன்று தலைமுறையாகச் சம்பந்தம் செய்துகொண்டு வாழும் ஊர் இது. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகும்போது மாமியார் வீட்டில் பேச்சு எழும். அந்தப் பெண் தன் அம்மாவிடம் கேட்டால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் கேள்வி தாதியிடம் வந்து நிற்கும்.

ஒரு காலத்தில் கம்பத்து பிடான் வீட்டுக்கே வந்து செய்துவிட்டுப் போவார். பிடான் மலாய் மருத்துவச்சி. பிரசவம் பார்த்தவர், உடம்பு பிடித்துவிட்டவர், குழந்தைக்கு முதல் குளியல் போட்டவர். அந்தத் தலைமுறை மறைந்த பிறகு இந்த வேலை மருந்தகத்துக்கு வந்தது. கையுறை, கிருமிநாசினி, வெள்ளை மேசை, ரசீது. இருபது முப்பது வெள்ளிக்கு முடிகிறது. டாக்டர் செய்வதால் பாதுகாப்பு என்று பெற்றோர் நம்புகிறார்கள். என் வகுப்பில் முதலில் கழற்ற வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான், தாதியர் மனத்திலிருந்தும்கூட.

இந்தோனேசியாவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வை வகுப்பில் எப்போதும் சொல்வேன். மரபுவழி மருத்துவச்சிகள் பலர் சிறு கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு, ஓதிவிட்டு, முடித்துவிடுவார்கள். முறையான பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளோ கத்தரிக்கோல் எடுத்தார்கள். அவர்கள் கையில் வெட்டு கூடியது. மருத்துவம் படித்த கை எதையும் அரைகுறையாகச் செய்யாது. செய் என்றால் ஒழுங்காகச் செய்யும். இந்த விஷயத்தில் ஒழுங்காகச் செய்வது என்றால் அதிகமாக அறுப்பது. 2010இல் இந்தோனேசிய சுகாதார அமைச்சு ஒரு விதி போட்டது. கிளிட்டோரிஸை மூடியிருக்கும் தோலில், ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி முனையால், கிளிட்டோரிஸ் காயப்படாமல் ஒரு கீறல், அதற்குமேல் கூடாது. கெட்டதைக் குறைப்பதாக நினைத்துச் செய்ததுதான். ஆனால் அரசாங்கமே வழி சொல்லிக் கொடுத்துவிட்டது என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. 2014இல் அதை ரத்து செய்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2024இல், பெண் சுன்னத்தை ஒழிக்க வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதினார்கள். மலேசியாவில் 2009இல் தேசிய ஃபத்வா குழு பெண் சுன்னத் கடமை, தீங்கு வருமென்றால் தவிர்க்க வேண்டும் என்றது. அங்கே 2020இல் வந்த ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட முஸ்லிம் மருத்துவர்களில் ஐந்தில் ஒருவர் இதைச் செய்வதாகச் சொன்னார். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் மலேசியா. குடும்பங்கள் வாரக் கடைசியில் போய் வருகின்றன.

உலகம் முழுவதும் இதற்கு ஆளான பெண்கள் 23 கோடிக்கு மேல் என்று யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. அதில் எட்டுக் கோடி ஆசியாவில். 2020 கணக்குப்படி ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அதாவது 5 கோடியே 20 லட்சம் பேருக்கு, இதைச் செய்தது ஒரு டாக்டரோ தாதியோ மருத்துவச்சியோ. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். எகிப்தில் 2007இல் ஒரு பள்ளிச் சிறுமி தனியார் மருந்தகத்தில், டாக்டர் கையில், இதற்காகப் படுக்கவைக்கப்பட்டு இறந்துபோனாள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் எகிப்தின் தலைமை முஃப்தி இது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார். அல் அஸ்ஹர் அறிஞர் சபையும் மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்றது. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. டாக்டர் செய்தால் ஆபத்தில்லை என்று யாராவது சொல்லும்போது அந்தச் சிறுமியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"நான் செய்யலைன்னா வேற யார்கிட்டயாவது போய் மோசமாச் செய்துக்குவாங்க, அதுக்கு நானே சின்னதா ஒண்ணு செய்து அனுப்பிடலாமே" என்று நல்ல மனத்தோடு கேட்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சட்டம் பேசுவதில்லை. படம் ஒன்றைப் பிரித்து வைப்பேன். இரண்டு மாதக் குழந்தையின் பிறப்புறுப்பு. எல்லாம் சில மில்லிமீட்டர்தான். அந்த வயதில் மேல்மூடி கிளிட்டோரிஸோடு ஒட்டியே இருக்கும், பிரிந்திருக்காது. தோல் எங்கே முடிகிறது, உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. குழந்தை காலை உதைத்து அழுதுகொண்டிருக்கும். தோலை மட்டும்தான் தொட்டேன் என்று எந்தக் கையும் சத்தியம் செய்ய முடியாது. பிறகு கேட்பேன்: இதனால் தீரும் நோய் எது? இந்தக் குழந்தையின் கோப்பில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்? இதற்குப் பதில் சொன்ன டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் இரண்டு சிறுமிகளுக்கு இது நடந்த வழக்கில் ஓய்வுபெற்ற மருத்துவச்சி ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். இந்திய வம்சாவளி தாவூதி போரா சமூகத்து வழக்கு அது. சிறு கீறலும் சிதைப்புக்குள் அடங்கும் என்று 2019இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் அதே சமூகத்தின் வழக்கம் பற்றிய மனுவை உச்ச நீதிமன்றம் 2018இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இதையெல்லாம் தாதியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், முக்கியமாக இங்கிருந்து பிரிட்டனுக்குப் போக நினைப்பவர்கள். அங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணிடம் இதைக் கண்டால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2015 அக்டோபரிலிருந்து கட்டாயம்.

பேச்சுக்கு வருகிறேன். எங்கள் பயிற்சியின் பெரும்பகுதி பேச்சுதான். கினி, கென்யா, சோமாலியா ஆகிய நாடுகளில் கர்ப்பிணிகள் வரும் மருந்தகங்களில் உலக சுகாதார நிறுவனம் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தது. முதலில் அந்தப் பெண்ணின் எண்ணம் என்ன என்று கேள். அடுத்து, அதற்குப் பின்னால் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைப் பற்றிப் பேசு. மூன்றாவது, மனம் மாறத் துணை நில். நான்காவது, வீட்டில் இதை எப்படிச் சொல்வது, யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று அவளோடு சேர்ந்து முடிவு செய். படிக்கும்போது சுலபமாகத்தான் தெரியும். அறிவுரை சொல்லியே பழகிய தாதிக்கு முதல் படியே கஷ்டம். கேள் என்றால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் அதில் சேர்த்தி.

இதை வகுப்பில் நடித்துப் பழகுவோம். ஒருத்தி மருமகள், தமிழ்ப் பெண். ஒருத்தி மாமியார், மலாய். ஒருத்தி தாதி. ஒருமுறை மாமியாராக நடித்தது நிஜமாகவே பேரப்பிள்ளை எடுத்த மலாய்த் தாதி, எங்களுக்கெல்லாம் மூத்தவர். தாதியாக நடித்தது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து கொஞ்ச காலமே ஆன பெண். முதல் சுற்றில் அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே, "இது பெண்களுக்கு எதிரான வன்முறை, உலகமே தடை செய்திருக்கு" என்று ஆரம்பித்தாள். மாமியார் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி மிஸ்ஸி, நேரமாகுது" என்றார். முடிந்தது. எல்லாருக்கும் புரிந்தது.

இரண்டாம் சுற்று. "வாங்க மாக்சிக், உட்காருங்க. பேத்தி நல்லா எடை போட்டிருக்கா. இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க, முதல்ல சொல்லுங்க."

"நினைக்க என்ன இருக்கு? எங்கம்மா எனக்குச் செஞ்சாங்க. நான் என் மகளுக்குச் செஞ்சேன். சுத்தம். மார்க்கம்."

"மகளுக்குச் செஞ்சப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

இந்தக் கேள்வி நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அந்தப் பெண்ணுக்குத் தானாக வந்தது. மூத்த தாதி பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நடிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். அவர் அறைக்கு வெளியே நின்றாராம். உள்ளே போகச் சொல்லியும் போகவில்லையாம். அழுகைச் சத்தம் கேட்டபோது பையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டாராம். "எதுக்காக உள்ள போகலைன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல" என்றார். அதற்குப் பிறகு நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், மலாய்ப் பாட்டிகளிடம் எதைச் சொன்னால் காது கொடுப்பார்கள், எதைச் சொன்னால் எழுந்து போவார்கள் என்று. பேத்தியின் மேல் பாட்டிக்கு இருக்கும் அன்பு உண்மையானது. அந்த அன்போடு பேச வேண்டும், அதை எதிர்த்துப் பேசினால் தோற்றுப்போவோம். வருடக்கணக்காக இந்த வேலையில் நான் கண்டது இதுதான்.

மார்க்கத் தர்க்கத்தில் தாதி இறங்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். குர்ஆனில் இதைப் பற்றி வசனம் இல்லை, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, எகிப்தின் முஃப்தி தடுத்திருக்கிறார் என்ற அளவு தெரிந்தால் போதும். "உங்க உஸ்தாஸைக் கேட்டுப் பாருங்க, குழந்தைக்குத் தீங்கு வரும்னா என்ன செய்யணும்னு கேளுங்க" என்று மார்க்க ஆசிரியரிடம் அனுப்பலாம். முஸ்லிம் அல்லாத தாதி கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவர்கள் மதத்தைக் குறை சொல்கிறார்கள் என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் தடுப்பூசிக்குக்கூட வராது.

தொலைபேசிக்கான மூன்றாவது பதில் இப்படி உருவானதுதான்: "இங்க அதைச் செய்றதில்லைம்மா. குழந்தைக்கு ரெண்டாம் மாச ஊசி இருக்கில்ல, அன்னைக்கு வாங்க, வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க. உட்கார்ந்து பேசலாம்." கதவு சாத்தப்படவில்லை, ஆனால் கத்தியும் எடுக்கப்படவில்லை. ஊசி போடும் நாளில் பெரும்பாலும் பாட்டியும் வருவார். நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று மறுபடி மறுபடி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேசலாம். தள்ளிப் போனால் பல வீடுகளில் அது தானாகவே விட்டுப்போகிறது.

இனி சிகிச்சை. தேக்கா வட்டாரத்து மருந்தகத் தாதி மூன்றாம் வகையைப் பார்க்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கணவரின் வேலைக்காக, படிப்புக்காக, சிகிச்சைக்காகச் சிங்கப்பூர் வரும் பெண்களில் சூடான், சோமாலியாக்காரர்களும் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் பிரசவ வலியோடு சேர்ந்தார். பரிசோதிக்க வந்த இளம் டாக்டர் போர்வையை விலக்கியவுடன் "ஐயோ கடவுளே" என்று ஆங்கிலத்தில் வாய்விட்டார். அடுத்து, இதுவரை பார்த்ததில்லையே என்று மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெண் தலையணைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை மொழி உதவிக்கு இல்லை, கைப்பிடித்து உட்காரத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்து மூன்று நாள் வரையில் அவர் எந்த மருத்துவப் பணியாளரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் என் வகுப்பில் முகத்துக்கும் பயிற்சி உண்டு. படத்தைக் காட்டுவேன். பார்ப்பவரின் முகத்தை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். புருவம் ஏறினாலோ மூச்சு இழுபட்டாலோ மறுபடியும். அருவருப்பு மட்டுமல்ல, பரிதாபமும் தெரியக் கூடாது. பரிதாபம் அந்தப் பெண்ணை இன்னும் சிறியவளாக்குகிறது. "உங்களுக்குச் சின்ன வயசுல வெட்டினாங்களா, தைச்சாங்களா? சிறுநீர் கழிக்க நேரமாகுதா? மாதவிலக்குல வலி அதிகமா?" என்று சாதாரணக் குரலில், மற்ற கேள்விகளோடு கேள்வியாகக் கேட்க வேண்டும். யார் செய்தது என்ற விசாரணை வேண்டாம். பரிசோதனைக்கு முன் அனுமதி, நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது, தேவையில்லாத ஆள் ஒருவரும் அறையில் இல்லாமல் பார்ப்பது. சிறுவயதில் கை காலைப் பிடித்து அமுக்கிய ஞாபகம் பரிசோதனை மேசையில் திரும்பி வரும். பரிசோதனையையே அவர் தாங்கவில்லை என்றால் அதையும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும், அடுத்தவர் வந்து மறுபடி தொடங்காதபடி.

தைத்த தழும்பைத் திறப்பது பெரிய அறுவை சிகிச்சை இல்லை. பஞ்சையும் மெல்லிய ரப்பர்த் தாளையும் வைத்து நாங்களே செய்த மாதிரியில் பழக்குகிறோம். தழும்புத் திரைக்குப் பின்னால் விரலை விட்டு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிக்னோகெய்ன் ஊசி போட்டு மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய வலி புது வலியாகிவிடும். விரலைக் காவலாக உள்ளே வைத்துக்கொண்டு, நடுக்கோட்டில் மேல் நோக்கிக் கத்தரிக்க வேண்டும். சிறுநீர்த் துளை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே போனால் ரத்தம் கொட்டும். தழும்புக்கு அடியில் கிளிட்டோரிஸ் சேதமில்லாமல் இருக்கவும் கூடும். இரண்டு விளிம்புகளையும் தனித்தனியாக, கரையும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு பழையபடி மூடித் தைக்கச் சொல்லிக் கணவரோ குடும்பமோ கேட்டாலும் மூடித் தைக்கக் கூடாது. முன்கூட்டியே கர்ப்ப காலத்தில் திறப்பதா, பிரசவ நேரத்திலா என்பதை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். இத்தனை காலம் சொட்டுச் சொட்டாகப் போன சிறுநீர் இனி ஒரே வீச்சாக, சத்தத்தோடு போகும். சொல்லாமல் விட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள்.

தழும்பைத் திறக்கத் தெரியாத மருத்துவமனையில், பரிசோதிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழித்துவிடுவார்கள். 2006இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தது. வெட்டு கூடக் கூட சிசேரியன், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, குழந்தை சாவு எல்லாம் கூடியது. நூறு பிரசவத்தில் ஒன்று இரண்டு குழந்தைகள் இதனால் கூடுதலாக இறந்தன.

நம் வட்டாரத்தில் நடக்கும் சிறு வெட்டின் பின்விளைவுகளைச் சொல்லும்போது தாதி இன்னும் நேர்மையாக இருக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமே இருக்காது. பயமுறுத்துவதற்காக இல்லாத கேட்டைச் சொன்னால், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பாட்டி ஒரே வார்த்தையில் நம்மைக் கவிழ்த்துவிடுவார். ஆனால் சிலருக்குத் தழும்பில் நீர்க்கட்டி வருகிறது, சிலருக்குத் தொட்டாலே சுள்ளென்று வலிக்கிறது, தாம்பத்தியத்தில் வலி இருக்கிறது. கல்யாணமாகி வருடக்கணக்கில் வலியோடு இருந்த ஒரு பெண்ணிடம் டாக்டர்கள் எல்லாரும் மனசை ரிலாக்ஸ் செய்யுங்கள் என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிறுவயதில் சுனாட் நடந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் சரியாகப் பார்த்தார்கள். தழும்புக்கடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. எடுத்துவிட்டார்கள், வலி போனது. வேறு சிலருக்கு உடம்பில் ஒன்றுமில்லை. தன்னிடம் கேட்காமல் தன் உடம்பில் கை வைத்தார்களே, அதுவும் பெற்ற அம்மாவே சம்மதித்தாரே என்ற கோபம் மட்டும் இருக்கிறது. அதையும் நாம் பின்விளைவு என்றுதான் எழுத வேண்டும், மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

தமிழ் பேசும் உலகத்தில் இந்த வேலையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் இலங்கை முஸ்லிம் பெண்கள். அங்கே பிறந்து நாற்பது நாளை ஒட்டி ஒஸ்தா மாமி என்று அழைக்கப்படும் பெண் வந்து செய்யும் வழக்கம் உண்டு. தங்களுக்கு நடந்ததை அந்தப் பெண்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் எழுத்தில் வைத்தார்கள். வீட்டுக்குள் பேசவே கூச்சப்படும் விஷயத்தை நாட்டின் முன் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது இந்த வகுப்பறையில் நிற்கும் எனக்குத் தெரியும். 2018இல் இலங்கை சுகாதார அமைச்சு, மருத்துவப் பணியாளர்கள் யாரும் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. சட்டம் அல்ல, சுற்றறிக்கைதான். ஆனால் மறுக்க நினைக்கும் தாதிக்கு அந்த ஒரு தாள் போதும். "மேலிடத்து உத்தரவு மாமி, என் வேலை போயிடும்" என்று சொல்லி, யார் மனமும் நோகாமல் குழந்தையைக் காப்பாற்றி அனுப்பிவிடலாம்.

சிங்கப்பூரில் அப்படி ஒரு தாள் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இங்கே இன்று ஒவ்வொரு தாதியும் ஒவ்வொரு டாக்டரும் தனித்தனியாக, தன் சொந்தத் துணிச்சலில் மறுக்க வேண்டியிருக்கிறது. முதலாளி செய்யச் சொல்லும் மருந்தகத்தில் உதவியாளர் எப்படி மறுப்பார்? சுகாதார அமைச்சு மருந்தகங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பிரசவத் தாதிமைப் பாடத்தில் இதைச் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் மருத்துவக் கையேடு வெளியிட்டது, 2025 ஏப்ரலில் புதிய வழிகாட்டியும் வந்திருக்கிறது. அவற்றிலிருந்து தாதியருக்கு வேண்டியதைத் தமிழிலும் மலாயிலும் எளிமையாக எழுதித் தர ஆள் வேண்டும். மருத்துவம் தெரிந்த தமிழர்களும், மார்க்கம் படித்த ஆலிமாக்களும், மொழி தெரிந்தவர்களும் இதைப் படித்தால், சனிக்கிழமை பிற்பகல்களில் எங்களோடு உட்கார வாருங்கள்.